ஓடைப் பக்கம் ஒரு ஜன்னல்

1961 ஜூன் 5, திங்கள்

காலையிலிருந்தே மழை. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் டிராயிங் தாள் நமுத்துப் போச்சு. நேற்று ராத்திரி அம்மா அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்த தாள் அது. டிராயிங் சார் மூக்கைச் சுளித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "என்னடா, பேப்பர் புகை மணக்குது?" எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய.

பள்ளியில் இந்தத் தவணைக்கான வேலை: அவரவர் வீட்டை அளந்து, மேலிருந்து பார்க்கிற மாதிரி படம். ஒரு அடிக்கு அரை அங்குலம். தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அளக்க என்ன இருக்கிறது? ஒரு கதவு, முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. இல்லாத வீட்டைப் போடலாமா சார் என்று கேட்டேன். "கட்டக்கூடிய வீடெண்டால் போடு" என்றார்.

கட்டக்கூடிய வீடுதான். இரண்டு அறை, தனியாகச் சமையலறை, அதற்கு ஓடைப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னல் பாக்கியம் கேட்டது. மாமா மகள், எனக்கு முறைப்பெண். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது எங்கள் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "மச்சான், நீங்க வீடு கட்டுனா அடுப்பாங்கரைக்கு ஒரு ஜன்னல் வைங்க." எல்லோர் முன்னாலும்! பெரியவர்கள் சிரித்தார்கள். நான் படித்து முடித்ததும் கல்யாணம் என்று அவர்கள் பேசிவைத்தது.

வாங்க: கறுப்பு இங்க். ரப்பர். தேங்காய் எண்ணெய் (அம்மா).

ஜூன் 7, புதன்

பனி. பள்ளி விட்டு மாமாவைப் பார்க்கப் போனேன். மாமா பஜாரில் ஒரு பாயின் துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். இந்தியா பாஸ்போர்ட்டு, விசாவில் இருப்பவர். விசாவை இனி நீட்டித் தர மாட்டார்களாம். குடும்பத்தோடு போய்விடணும். பாக்கியம் பிறந்தது இந்த அட்டனில்தான். அதை யார் கேட்டார்கள்.

கடை பாய் என் தோளைத் தொட்டார். "கொழும்புக்கு ஆள் விட்டும் பாத்தாச்சு தம்பி. நடக்கல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உலையில் அரிசி போட்டதை மறந்துவிட்டாள். கஞ்சிதான் குடித்தோம். படம் போட உட்கார்ந்தேன், சுவர்க் கோடு எல்லாம் கோணல்.

ஜூன் 11, ஞாயிறு

பெரட்டு இல்லாத நாள், அம்மாவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அம்மா வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்து மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் வெளுத்த சட்டை.

"பாக்கியத்த இவனுக்குக் கட்டி வச்சிட்டுப் போங்கண்ணே. எங்கூடவே இருந்துக்கிறட்டும்."

மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "படிச்சு முடிக்கட்டும்னுதான் நானும் இருந்தேன் தங்கச்சி. ஒங்க பிரஜாவுரிமை மனுவயும் தள்ளிட்டாங்க. இவன் இந்த நாட்டு ஆளும் இல்ல, அந்த நாட்டு ஆளும் இல்ல. கவர்மெண்டுல படம் போடுற வேல இவனுக்குக் குடுப்பாங்களா? எம்மகளுக்கும் விசா முடியுது. ஒளிச்சா வச்சுக்குவ?"

மாமா சொன்னதில் பிசகு எங்கே என்று வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை, அதுதான் ஆத்திரம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பாக்கியம் உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. தட்டு அப்படியே திரும்பி வந்தது. பழத்தைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

ஜூன் 14, புதன்

மாமா ஆள் விட்டார். சாமான் பெட்டிகளில் பேரும் ஊரும் எழுதித் தரணுமாம். "நம்ம மாப்பிள்ள எழுத்துத்தான் அழகா இருக்கும்" என்றாராம். மாப்பிள்ளை. வாய்ப் பழக்கம் விடுமா. போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். வேறொருத்தன் கோணல்மாணலாக எழுதுவான் என்று தோன்றியது. போனேன்.

பழைய தேயிலைப் பெட்டிகள். தோட்டத்து முத்திரையைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, பென்சிலில் கோடிழுத்து, கறுப்புப் பெயின்ட். மாமா பேர். துறையூர் தாலுகா. திருச்சி ஜில்லா. தமிழில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். அந்த ஊரை மாமாவே சின்னப் பிள்ளையில் பார்த்ததுதான். அத்தை உள்ளே பாத்திரங்களை வைக்கோலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பாக்கியம் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில்.

"வீட்டுப் படம் முடிச்சிட்டீங்களா மச்சான்?"

"இன்னைக்கித்தான் சார்கிட்ட குடுத்தேன்."

"ஜன்னல் வச்சீங்களா?"

"வச்சேன். ஓடைப் பக்கம்."

"அப்ப சரி" என்றாள்.

ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. இவ்வளவு ஒழுங்காக எழுத வருகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஜூன் 17, சனி

ஸ்டேஷன். மழை விட்டிருந்தது. மாமா என் கையைப் பிடித்தார், ஏதோ சொல்ல வந்து இருமினார். பாக்கியம் சொன்னது ஒன்றுதான். "அத்தைய ரொம்ப நேரம் புகையில ஒக்கார விடாதீங்க மச்சான்." நான் சரி என்றேன்.

சாமான் பெட்டிகள் ரயிலின் கடைசியில், கார்டு வண்டியில். கார்டு கதவைச் சாத்தவில்லை. எழுத்துக்கு சார் வைக்கிற பரீட்சை: தள்ளி நின்று பார், படிக்க முடிந்தால் சரி. ரயில் ரொசல்லைப் பக்கம் வளைகிற வரை படிக்க முடிந்தது. அழுதேன். அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 19, திங்கள்

மறுபடி பனி, எதிர்மலை தெரியவில்லை. கொழுந்து குறைவு என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அம்மாவை ஏசினாராம்.

சார் வீட்டுப் படத்தைத் திருப்பித் தந்தார். ஜன்னல் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் 'நன்று'. "வடிவா வந்திருக்கு. ஆனா கதவு எந்தப் பக்கம் திறக்கும் எண்டு காட்டேல்லையே. ஆள் எப்பிடி உள்ள வாறது?"

உண்மைதான். வாசலில் ஒரு கால்வட்டம் போட்டிருக்கணும். ஜன்னலையே நினைத்துக்கொண்டிருந்ததில் கதவு மறந்துபோச்சு.

காம்பஸை எடுத்து முனையைக் கீல் இருக்கிற இடத்தில் வைத்தேன். உள் பக்கமா, வெளிப் பக்கமா? வரவேண்டியவள் போய்விட்டாள், எந்தப் பக்கம் திறந்தால் என்ன. நாளைக்குத் திருத்திக் கொடுக்கணும்.