ஈரம் காயாத ஃபிலிம்

அலெக்சாந்திரியா,
மதியம்

என் பிடிவாதக்காரனுக்கு,

உன் கேமராவைத் திரும்ப எடுத்துவிட்டேன். துணிக்கொடியைப் படமெடுத்தால்கூட தெருமுனையில் போலீஸ்காரர்கள் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். ஃபிலிமை அப்படிப் பார்க்க முடியாதே. பேட்டரி கேட்காத உன் கேமராவே போதும் என்றார் ஸ்டூடியோக்கார வாஹே.

"ஃபிலிம் மட்டும் புதுசா வாங்கிக்கோங்க மேடம். வீட்டுல கெடக்கறத நம்பாதீங்க."

நான் கேட்கவில்லை. ஃபிரிட்ஜில் நீ வைத்த சுருள், எடுக்காத ஃபிலிமைப் போல முனையை நாக்காக வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. புதியது என்று நினைத்துப் போட்டேன். எடுத்து முடித்த சுருளையும் நாக்கு வெளியே தெரியச் சுற்றிவைக்கும் உன் கெட்ட பழக்கத்தை மறந்து தொலைத்தேன்.

இன்று குளியலறையில் கழுவினேன். ஒரே ஃபிலிமில் இரண்டு படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. நான் எடுத்த துணிக்கொடியின் ஊடே நீ எடுத்த நம் தெரு தெரிகிறது, ரமலான் விளக்குத் தோரணத்தோடு. காவல்காரன் ஷாஸ்லி, வெள்ளைத் தலைப்பாகை நெகட்டிவில் கறுத்திருக்க, காரில் வந்த இருவருக்கு நம் பால்கனியைக் கைகாட்டுகிறான். நீ கீழே இறங்கிப் போய்த் திரும்பாத அந்த ரமலானில், தான் ஊரிலேயே இல்லை என்று அழுதுகொண்டே சத்தியம் செய்தவன்.

ரொட்டிக்குப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்க இன்று எனக்குக் கை வரவில்லை. ஷாஸ்லி கீழிருந்து கூப்பிடுகிறான்.

"மேடம், கூடை எங்க? சார் கேமராவ மாட்டிக்கிட்டுப் போனீங்களே, படமெல்லாம் நல்லா வந்துச்சா?"

பால்கனிக் கதவைச் சாத்தினேன்.

"சரி, ரொட்டிய நானே மேல கொண்டாரேன்."

ஈரத்தோடு சுருட்டினால் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு பாழாகும் என்பாய். தெரியும். சுருட்டி அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஏறி வருவது ஒருவன் மட்டும் இல்லை.

உன் சண்டைக்காரி