கல்யாண எழுத்தின் ஒடிந்த வால்

மச்சாள்,

உன் தங்கையின் கல்யாண அட்டை நேற்று வந்தது. கொழும்பில் அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலப் பக்கத்தில் வலப்புறம் சரிந்து நிற்கும் அதே எழுத்து. இறங்கும் கோடு தடிப்பு, ஏறும் கோடு மயிரிழை. மணமக்களின் பெயரை நான் பார்க்கவில்லை. டபிள்யூவைத்தான் பார்த்தேன். அதன் வால் முழுதாக இருந்தது. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். கையில் மை ஒன்றும் இல்லை.

நாம் வேலை செய்த அச்சகத்தில் அந்த ஈய எழுத்துக்கு நாம் வைத்த பெயர் கல்யாண எழுத்து. ஒரேயொரு சின்னப் பெட்டி. அதில் பெரிய டபிள்யூ ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் திருமணம் என்ற சொல் அந்த எழுத்தில் தொடங்குவதால், நாம் அடித்த அட்டை எல்லாவற்றிலும் அது நசுங்கியது. ஈய உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய வால் ஒருநாள் ஒடிந்தது. "மூக்குத்தி கழண்ட பொம்புள மாதிரி நிக்காள் பாரன்" என்று சிரித்தாய். யுத்தத்தால் கொழும்புப் பாதை பூட்டியிருந்ததால் புதிது வாங்க வழியில்லை.

நீ எழுத்துக் கோர்ப்பவள். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த நான் பிழை பார்ப்பவள். வருகிற ஆட்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவதான் எங்கட குடும்பத்தில முதல் கம்பஸ்காரி. வாயத் திறக்கமாட்டா, முத்து உதிந்திருமாம்" என்பாய். நான் தாள் கட்டுக்குப் பின்னால் ஒளிவேன்.

வால் ஒடிந்த அந்த மாதம் சந்திகளில் டயரோடு மனிதர் எரிந்தார்கள். வாவியில் ஊதிய உடல்கள் ஒதுங்கியதால் ஊரில் மீன் வாங்க ஆளில்லை. கிரான் ஊரிலிருந்து ஆறு தாய்மார் வந்தார்கள். துப்பாக்கிக்காரர் பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்து, வரப்போகும் வெளிநாட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட தாளில் அச்சகத்தின் பெயர் போடுவதில்லை. அடித்து முடிந்ததும் எழுத்தையெல்லாம் கலைத்துப் பெட்டிகளில் போட்டுவிடுவோம்.

"எல்லா அச்சகத்திலயும் கிடக்கிற எழுத்தில அடுக்கு புள்ள. கல்யாண எழுத்தத் தொட்டிராத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாய்.

'அவர்கள் எங்கே?' என்பது தலைப்பு. ஆங்கிலத்தில் அதுவும் டபிள்யூவில்தான் தொடங்கியது. சாதாரண எழுத்தில் அடுக்கிப் பார்த்தேன். ஏல விற்பனை அறிவித்தல் போலக் கிடந்தது. யார் நின்று வாசிப்பார்கள்? பெட்டியைத் திறந்து, சரிந்த எழுத்தில் அடுக்கினேன். முதலாளி அதைச் சரிபார்க்காமலே அச்சுப்பொறியில் ஏற்றி அடித்துவிட்டார். நீ திரும்பியபோது தாள் தீர்ந்திருந்தது; திருப்பி அடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாய். ஒடிந்த வாலை விரலால் தடவினாய்.

"வடிவாத்தான் இரிக்கு" என்றாய். அந்த டபிள்யூவைக் கழற்றி என் கையில் வைத்தாய். "போகக்குள்ள இத வாவிக்குள்ள எறிஞ்சிரு."

நான் பாலத்தில் நின்றேன். எறிய மனம் வரவில்லை. அவ்வளவு வடிவான ஒன்று அதற்குமுன் என்னிடம் இருந்ததில்லை.

நாலாம் நாள் காலை, பிள்ளைகளைப் பிடித்துப்போன அந்தக் கூட்டத்தில் ஐந்து பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒருவன் சுவரில் குத்தியிருந்த மாதிரிக் கல்யாண அட்டையைப் பிய்த்து, தாய்மாரின் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தான். இரண்டிலும் ஒரே ஒடிந்த வால். முதலாளியின் வாயில் துப்பாக்கிப் பிடியால் அடித்தார்கள்; பல் என் காலடியில் வந்து விழுந்தது. எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். கல்யாண எழுத்துப் பெட்டியில் டபிள்யூவின் அறை காலியாக இருந்தது.

"எழுத்து எங்க? ஆர் அடுக்கினது?"

அது என் கைப்பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது. வாயைத் திறந்தேன், மச்சாள். சத்தம் வரவில்லை. கூச்சம் என்று எவரிடமும் சொல்லித் தப்பலாம், உன்னிடம் முடியாது. அது பயம்.

நீ என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நான்தான்" என்றாய். "எழுத்த வாவிக்குள்ள எறிஞ்சிட்டன்."

அவர்கள் உன் வலது கையைப் அச்சுப்பொறிக்குள் வைத்து அதன் சில்லைச் சுற்றினார்கள். நீ கத்தியது வெளியே தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை. தலைமுடியில் பிடித்து இழுத்துப்போய் வாகனத்தில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் வேருக்குள் கிடந்தாய். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. இடது கை நகத்துக்குள் இருந்த அச்சு மையைப் பார்த்துத்தான் மாமி, "என்ட புள்ள" என்றார்.

நான் கம்பஸுக்குப் போனேன். பட்டம் வாங்கிய அன்றும் அந்த ஈயத்துண்டு என் பையில் இருந்தது. யுத்தம் இன்னும் முடியவில்லை; சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லும்போதெல்லாம் அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொள்வேன். அதன் விளிம்பு கையில் பதிந்து கிடக்கும்.

போன மாதம் மாமி உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு சொன்னார்: "பொல்லாத வடிவுப் பைத்தியம் புடிச்சவள். அந்த எழுத்தத் தொடாம இருந்திருந்தா இண்டைக்கு இவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்திரிக்கும்." நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். செத்த பிறகும் என் பிழையை நீயே சுமக்கிறாய். உன் தங்கையும் அதைத்தான் நம்புகிறாள்.

வெள்ளிக்கிழமை களுதாவளையில் மாமி வீட்டுக்குப் போகிறேன். பந்தல் போட ஆட்கள் வருமுன்னர் மாமியை அறைக்குள் கூப்பிட்டு, உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, இந்த ஈயத்துண்டை வைப்பேன். மாமி என்னை அடிக்கலாம். கல்யாணத்துக்கு நிற்காதே என்று அனுப்பியும்விடலாம்.

முதலில், இதை ஆர் அடுக்கினது என்று கேட்பார். அதற்கு ஒரு சொல்தான் பதில். அதை எனக்காக நீ ஒருமுறை சொல்லிவிட்டாய்.