கரைத்த பிறகு எழுந்திருக்கக் கூடாது

மச்சான்,

இன்று மத்தியானம் நம் ஃபிஜி யங்கோனாப் பொட்டலத்தைப் பிரித்தேன். கரைத்துக் குடிக்கிற அந்த வேர்ப்பொடியின் மண்வாசனை மூக்கில் ஏறியதும் நீ எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய். ஆக்லாந்தில், என் சின்ன மகன் வீட்டுக் கார் கொட்டகையில், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். பார்த்தால் சும்மா இருப்பாயா? "வாளியிலயா? என்னா, மாட்டுக்குக் கரைக்கிறியா?" என்பாய்.

உன் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து உன் நிதானத்தோடு மல்லுக்கட்டியே என் காலம் போயிற்று. நான் காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரி பறப்பேன். நீ நம் ஊர் லோவுவில் கரும்பு ரயில் போய் முடியும்வரை சைக்கிளைப் பிடித்தபடி நின்று வேடிக்கை பார்ப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? நம் கரும்பு வெட்டு கேங்கில் பாதிப் பேர் நம் இந்திய ஆட்கள், பாதிப் பேர் பக்கத்து ஃபிஜியர் கிராமத்துக்காரர்கள். வருஷக்கணக்காக ஒன்றாகத் தின்றவர்கள், ரேடியோவில் நாலு பேச்சைக் கேட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆனார்கள். அந்த நேரம் பார்த்து உன் கரும்பு எரிந்தது, அதுவும் அவர்கள் கிராமத்தை ஒட்டிய பக்கம். யார் தீ வைத்தது என்று இன்றுவரை தெரியாது. எரிந்த கரும்பை உடனே வெட்டி மில்லுக்கு அனுப்பாவிட்டால் புளித்துப்போகும்.

"ட்ராசாவிலேர்ந்து ஆள் கூட்டியாறேன் மச்சான், நாளைக்கே வெட்டிப்புடலாம்" என்று குதித்தேன்.

"இன்னிக்கு அவனுங்க இல்லாம வெட்டுனா, இனிமே எப்பவும் அவனுங்க இல்லாமதான்" என்றாய்.

சொல்லிவிட்டு வரப்பு மாமரத்தடியில் பாய் விரித்து, மரச்சட்டியில் யங்கோனா கரைத்து உட்கார்ந்துவிட்டாய். ஒருமுறை கரைத்துவிட்டால் சட்டி காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது, மிச்சத்தைக் கொட்டவும் கூடாது. சிரட்டையை நீட்டினால் சண்டைக்காரனும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஃபிஜியர்களிடமிருந்து நம் வீடுகளுக்கும் வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் அது.

காலை போயிற்று, மத்தியானமும் போயிற்று. ஒருவரும் வரவில்லை. உன் தங்கை அழுதாள். "ஒங்கண்ணனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று நான் கத்தினேன்.

பொழுது சாயும்போது சமு வந்தான். கேங்கில் உனக்கு அடுத்த வரிசையில் வெட்டுகிற ஃபிஜியன். கையில் வெட்டுக்கத்தி. வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று உன்னையே பார்த்தான். நீ சிரட்டையை நிரப்பி நீட்டினாய். அவன் கத்தியைப் புல்லில் வைத்தான், உட்கார்ந்து வழக்கப்படி கைதட்டினான், வாங்கிக் குடித்தான். சட்டி வற்றும்வரை இருவரும் மாறி மாறிக் குடித்தீர்கள்.

மறுநாள் அவன் ஒருவன்தான் வெட்ட வந்தான். மற்றவர்கள் தயங்கித் தயங்கி ஒவ்வொருவராக வந்து சேர்வதற்குள் பாதிக் கரும்பு புளித்து வீணாயிற்று. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, மச்சான். கேங்கு என்னவோ உடையாமல் நின்றது.

ஆனால் என்ன ஆயிற்று? குத்தகை முடிந்ததும் நிலம் கையைவிட்டுப் போனது. சமு ஃபிஜிய நிலக்காரர்களிடம் போய் மன்றாடியும் நடக்கவில்லை. ஊரில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. நாந்தி விமான நிலையத்தில் நான் உன் கையைப் பிடித்து, "நீயும் வந்துரு" என்றேன். "போறவங்க போங்க. யாராச்சும் ஒருத்தன் உக்காந்திருக்கணுமில்ல" என்றாய். கடைசியில் தலைநகரத்துச் சமபுலாவில் மகள் வீட்டுப் பின்னறைதான் உனக்கு வாய்த்தது. நீ கண்மூடியபோது உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அது என்னைத் தின்கிறது. லோவுவிலிருந்து சமு பஸ்ஸில் வந்து, வாசலில் மரச்சட்டி வைத்து, அது வற்றும்வரை எழுந்திருக்கவே இல்லை என்று உன் மகள் போனில் சொன்னாள். ரிசீவரை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன்.

இங்கே என் கதையைக் கேள். பெரியவனும் சின்னவனும் பேசிக்கொள்வதில்லை. உன் தங்கை கருமாதியில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். என்ன காரணம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் நேரமில்லை, சண்டையைத் தீர்க்கவும் நேரமில்லை. நானும் இத்தனை நாள் கத்திப் பார்த்தேன், உனக்குத் தெரிந்ததுதானே. அதனால்தான் இன்று கரைத்தேன். இருவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

சின்னவன் ஒரு சிரட்டை குடித்துவிட்டு, அண்ணன் வருகிறான் என்றதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெரியவன் கார் வாசலில் வந்து நிற்கிறது. வெகுநேரமாக நிற்கிறது. இன்ஜினை இன்னும் அணைக்கவில்லை.

எழுந்து போய்க் கூப்பிடத்தான் கால் துடிக்கிறது. வாளியில் பாதி இருக்கிறது, மச்சான். உட்கார்ந்திருக்கிறேன்.