எட்டாத கொடி

ஜனவரி 8, திங்கள்

பால்கனியில் துணிக்கொடி எட்டவில்லை. வேலைக்கு வரும் ஜைதூன் பீ உயர்த்திக் கட்டியிருக்கிறாள். கேட்டால், தொடவே இல்லையாம். அரிசி டின்னை நகர்த்தியதிலிருந்து முதுகிலும் வலி. மகனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 10

மகன் லாய்டும் டீனாவும் வந்தார்கள். நான் எழுந்த விதத்தைப் பார்த்து மருமகள் தீர்ப்புச் சொன்னாள்: "எலும்பு தேய்மானம் மம்மி. எங்க அம்மாவுக்கும் இதேதான்."

தேய்வது மூட்டிலுள்ள குருத்தெலும்பு. எலும்பே அடர்த்தி இழந்தால் அது எலும்புப்புரை. இரண்டும் வேறு நோய். கான்வென்டில் எலும்புகளின் பெயரை ஒப்பிக்காதவளுக்கு விளையாட்டு நேரம் கிடையாது. இவள் எங்கே படித்தாளோ.

கிளம்பும்போது லாய்ட் சொன்னான்: "ஜைதூன் பீ வர்ற வரைக்கும்தான் மம்மி நீங்க இங்க தனியா இருக்கலாம். அவங்க நின்னுட்டா நம்ம வீடுதான்."

நம்ம வீடு! ஈக்காட்டுத்தாங்கலில், லேத் பட்டறைக்கு எதிரே. அபிராமபுரத்தை விட்டு நான் நகர மாட்டேன்.

ஜனவரி 16

அவளை நிறுத்திவிட்டேன். கொடியை இறக்கிக் கட்டு என்றால், "இன்னாமா நீ, கயிறு அதே ஆணியிலதான் கீது" என்கிறாள். படிக்கட்டில் வைத்து, கீழ்வீட்டுச் சீதா உட்பட எல்லோர் காதிலும் விழும்படி, பொய்க்காரி என்றேன்.

லாய்ட் சொன்னது நினைவில் இல்லாமலா? இருந்தது. அதற்காகப் பொய்யைச் சகித்துக்கொள்வதா?

ஜனவரி 19

கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. டீனாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. டீனாவை!

ஜனவரி 20

எக்ஸ்ரே. முதுகின் முள்ளெலும்புகள் இரண்டில் அழுத்த முறிவு. விழாமலே முறியுமாம். காரணம் எலும்புப்புரை. நான் டீனாவைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் என் உயரத்தைக் கேட்டார். சொன்னேன். சுவரோடு நிறுத்தி அளந்தார். மூன்று விரற்கடை குறைவு. முள்ளெலும்பு நசுங்கினால் ஆள் குட்டையாவது வழக்கம்தானாம்.

கொடி அதே ஆணியில்தான் இருந்திருக்கிறது.

ஜனவரி 23

லாய்ட் ஞாயிறு வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் ஜைதூன் பீ திரும்பாவிட்டால் ஈக்காட்டுத்தாங்கல்தான். ஜைதூன் பீக்கு போன் செய்தேன். வரச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

"வர்றேம்மா. நீ படிக்கட்டுல கத்துனதுல எனக்கு ரெண்டு வூடு போச்சு. அதே படிக்கட்டுல சீதாம்மா கைல சொல்லு, பீ பொய் சொல்லலன்னு. சொன்ன அன்னிக்கே வந்துடுறேன்."

எனக்கே நிபந்தனை.

ஜனவரி 25

இடுப்பு பெல்ட்டோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வலியில் உயிர் போயிற்று. மணி அடித்தேன். சீதா திறந்தாள். பின்னால் அவள் மாமியாரும் வந்து நின்றாள். நல்லதுதான், இருவருமே கேட்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன்.

ஒரு கொத்து கொடுத்தாள்.

பிப்ரவரி 14, விபூதிப் புதன்

ஈக்காட்டுத்தாங்கல். காலையிலேயே பட்டறைச் சத்தம்.

கையைத் தூக்கினால் முதுகில் இழுக்கிறது. பெல்ட்டை மாட்டிவிட்டு டீனாவே தலைவாரி, கொண்டையும் போட்டாள். நான் போடுவதைவிட நேர்த்தி. கண்ணாடியைக் காட்டி, "நல்லா இருக்கா மம்மி?" என்றாள்.

கோயிலுக்கு நேரமாகிறது என்றேன்.