ஒன்றும் சொல்லாதவர்களுக்கான ஷெல்

செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் இருமல் விட்டதா, இல்லை மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருமிக்கொண்டிருக்கிறீர்களா? மின்னஞ்சல் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பீர்கள். மின்னஞ்சலில் பத்து வரி எழுதினால் முதல் வரியைப் படித்துவிட்டுப் பதில் போடுகிற ஆள் நீங்கள். போனில் என்றால், நான் மூச்சு வாங்குகிற இடத்தில் உங்கள் பேச்சு ஆரம்பித்துவிடும். தாள் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

அத்தைக்குக் கண்புரை அறுவைக்குப் போட்ட கட்டு அவிழ்த்தாயிற்று. முதல் வேலையாக என்னைப் பார்த்து, "என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்டே" என்றார். இத்தனை நாள் மங்கலில் நான் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்திருக்கிறேன் போலிருக்கிறது. நம் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாயை நானே மாற்றினேன். இப்போது சொட்டுவதில்லை, ஆனால் திறப்பதற்கு இரண்டு கையும் வேண்டும்.

இனி நாம் இருவரும் சேர்ந்து எழுதிய எடிட்டர் புரோகிராம் விஷயம். உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் நூலகத்தில் புத்தகப் பட்டியல் போடும் அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஒப்பந்தத்தில் இருப்பவர், மாதக் கடைசியானால் வேலை நீடிக்குமோ என்று நகத்தைக் கடிப்பவர். போன வாரம் நானூறு வரிகளை நம் எடிட்டரில் அடித்து முடித்துவிட்டு, அவற்றை அகர வரிசையில் அடுக்கச் சொல்லியிருக்கிறார். நொடியில் நானூறு வரியும் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. 'இந்தக் கணக்கு தற்போது பயன்பாட்டில் இல்லை.'

பாவம், தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதைக் கணினி மூலம் தெரிவிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சேமிக்கவா என்று எடிட்டர் கேட்டதற்கு ஆம் என்று தட்டிவிட்டு, மேசை இழுப்பறையைக் காலி செய்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து, "போயிட்டு வரேன்மா, உன்னை மறக்க மாட்டேன்" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவரை உட்கார வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அடுக்கும் வேலையை எடிட்டர் தானாகச் செய்வதில்லை. வரிகளை ஷெல்லிடம் கொடுத்து, அது திருப்பித் தருவதை அப்படியே அந்த இடத்தில் வைக்கிறது. ஷெல் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். "நாம தட்டுற கட்டளைய வாங்கி, வேலைய நடத்திக் குடுக்கிற புரோகிராம்க்கா" என்றேன். யார் எந்த ஷெல்லில் வேலை செய்வார் என்பதை அவரவர் சொல்லி வைக்கலாம். அக்கா ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சொல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று நீங்கள் ஒரு விதி எழுதியிருக்கிறீர்கள், நினைவிருக்கிறதா? அவர் கணக்கின் பதிவேட்டில் எந்த ஷெல் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. ஆனால் அக்காவின் கணக்கில் யாரும் கட்டளைத் திரை வழியே நேரடியாக நுழையக் கூடாது என்று பூட்டி, ஷெல் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டு வெளியேறும் ஒரு குட்டி புரோகிராமை வைத்திருக்கிறார்கள். நம் எடிட்டர் நானூறு வரியையும் கொண்டுபோய் அதனிடம் கொடுத்திருக்கிறது.

பழியை உங்கள் தலையில் மட்டும் போடவில்லை. சோதித்துப் பார்த்துச் சரி என்றவள் நான்தான். உங்கள் கணினியிலும் என் கணினியிலும் பிடித்த ஷெல்லைச் சொல்லி வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆகவே, சொல்லாதவர்களுக்கான அந்த விதி நம் வீட்டில் ஒரு தடவைகூட ஓடியதில்லை. இரண்டு நாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து புத்தக அட்டைகளைப் படித்துக் காட்டினேன், அவர் திரும்ப அடித்தார்.

விதியை மாற்றிவிட்டேன். ஒருவர் தன் ஷெல்லைச் சொல்லியிருந்தால் அதுவே. சொல்லாவிட்டால், எல்லா யூனிக்ஸ் கணினிகளிலும் இருக்கும் அந்தப் பழைய சாதாரண ஷெல். எடுத்துக்கொண்டது எது என்று கீழே ஒரு வரி காட்டும், பிடிக்காதவர் மாற்றிக்கொள்ளலாம். ஷெல்லின் வேலை தோற்றுப்போனால் எடிட்டர் எழுத்தில் கை வைக்காது. சப்பென்று இருக்கிறதே, ஒரு வசதியும் இல்லாத ஷெல்லாயிற்றே என்பீர்கள். "அவங்களுக்கு எது புடிக்கும்னு நாமளே கண்டுபிடிச்சுக் குடுத்துடணும், கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாது" என்பது உங்கள் பழைய வாதம். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. அக்காவுக்கும் நல்ல எண்ணத்தில்தான் செய்தோம்.

இதை எழுதும்போது போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. புது வேலை கிடைத்த ஊரில் வீடு பிடித்தாயிற்று, மூன்றாவது மாடி, மகள் பள்ளிக்கு நடந்தே போகலாம், அத்தைக்கு மாடி ஏற லிஃப்ட் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதி எல்லோரும் வந்துவிடலாம் என்றீர்கள். என் வேலை என்ன ஆவது என்றேன். "நீ ஒண்ணும் சொல்லலையே, அதான் சரின்னு எடுத்துக்கிட்டேன்" என்றீர்கள். மௌனம் சம்மதம் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார், அவர் மனைவியைக் கேட்டுவிட்டா சொன்னார்?

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது என் தப்புதான். இப்போது சொல்கிறேன். நூலகக் கணினிப் பிரிவின் பொறுப்பை எனக்குத் தருவதாக மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னார்கள். பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லத்தான் அன்று போன் செய்தேன். நீங்கள் புது அலுவலகக் கதையில் இருந்தீர்கள். அடுத்த தடவை நீங்களே என் வேலையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அத்தைக்கு அப்போது கண்ணில் கட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று.

கோபமாக எழுதவில்லை, நம்புங்கள். நீங்கள் இல்லாத வீடு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றோ, வரவில்லை என்றோ இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. இன்னும் என்னிடம் யாரும் கேட்கவில்லையே. வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டிருக்கிறீர்கள், பள்ளியில் கேட்டிருக்கிறீர்கள், லிஃப்ட் வேலை செய்கிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள்.

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் பதிலில் வாதம் வேண்டாம், சமாதானம் வேண்டாம். ஒரே ஒரு வரி போதும், அது கேள்வியாக இருக்கட்டும். எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்துகொண்டு, என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
காத்திருக்கும்
உங்கள் மனைவி