முந்திரி போகும் வழி

8.2.1981

‘கிழக்கையும் மேற்கையும் இணைத்த பண்டைய, நவீன வணிக வழிகள்.’ சரித்திரப் பரீட்சையில் இது கட்டாயம் வருமாம். நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் மண் வெட்டிவிட்டு வந்து படிக்கிறேன். மிளகு போனது, முத்து போனது, ரோமிலிருந்து தங்கம் வந்தது. மூட்டையைக் கப்பலுக்குச் சுமந்தவன் யார்? புத்தகத்தில் அவன் இல்லை.

15.2.1981

குவைத்தில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்க, அடுத்த மாதம் பண்ருட்டிக்கு ஏஜெண்ட் வருகிறாராம். சேதி சொன்னது கொளஞ்சியப்பன், என்னோடு மண் வெட்டுகிறவன். என் அக்கா ஆதிலட்சுமி உடனே பெயர் கொடுத்துவிட்டாள். புருஷன் விட்டுப் போனதிலிருந்து கம்பெனியில் முந்திரிக் கொட்டை உடைக்கிறாள்.

“இங்க உக்காந்துகினு சாவறதுக்கு அங்க போயி பாத்திரம் கழுவறேன்டா.”

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். இனி மனுஷியும் ஏற்றுமதிச் சரக்கு.

1.3.1981

“கையப் பாப்பாங்க. கருப்பா இருந்தா கழிச்சிடுவாங்க” என்கிறான் கொளஞ்சியப்பன்.

உடைக்கும்போது தெறிக்கும் கொட்டை எண்ணெயில் வெந்து அக்காவின் விரல்கள் தார் பூசியது போல இருக்கும். வேலையை விட்டால்தான் தோல் உரிந்து வெளுக்கும். விட்டுவிட்டாள். மேஸ்திரி, “போனா உன் எடம் போச்சு” என்றாராம். “கப்பலேறப் போறவளுக்கு உன் எடம் எதுக்கு, நீயே உக்காந்துக்க.” தான் சொன்ன இந்தப் பதிலைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினாள்.

12.3.1981

புளி, சாம்பல், எலுமிச்சம்பழம். தேய்த்துத் தேய்த்து ரத்தம். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். “இப்பவே தொரசாணி ஆயிட்டேன் பாரு.”

20.3.1981

லாட்ஜில் ஏஜெண்ட் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“தொத்து வியாதியா?”

“இல்லீங்க. முந்திரிங்க.”

“அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதும்மா. தள்ளி நில்லு.”

நான் கத்தினேன். அந்தப் பருப்பு கப்பலேறிப் போவுதே, அத எந்தக் கையி உடைச்சதுன்னு எவனாவது கேட்டானா? அதே கடல்தானே? கொளஞ்சியப்பன் என்னை வெளியே இழுத்துவந்தான்.

பஸ் வடலூர் தாண்டியதும் அக்கா, “இன்னும் கொஞ்ச நாளு வுட்டிருந்தா வெளுத்திருக்கும்டா” என்றாள்.

2.4.1981

அக்காவின் இடத்தில் வேறொருத்தி. வறுக்கிற இடத்தில் ஆள் வேண்டுமாம். அந்தப் புகையில் போய் அக்கா நிற்கிறாள்.

19.4.1981

அந்தக் கேள்வி வந்தது. பட்டு, மிளகு, போர்ச்சுகீசியர் கொண்டுவந்த முந்திரி, சூயஸ் கால்வாய். நன்றாகவே எழுதினேன். அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் அந்தப் புத்தகக்காரன்தான்.

6.7.1981

பாஸ்போர்ட் வந்தது.

அழுக்காகிவிடும் என்று அக்கா அதை முந்தானையால் பிடித்துத் திறந்தாள். தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டோல கை வுழல, பாத்தியா?”

திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.