பொருள் எண் ஒன்று

2025 ஜனவரி 20, திங்கள்

இன்றோடு நகராட்சியின் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் பட்ஜெட் கோரிக்கை வந்து சேர்ந்தது. சுகாதாரப் பிரிவுக்குத் தள்ளுவண்டிகள், வருவாய்ப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர், பொறியியல் பிரிவுக்குப் புது ஜீப். எங்கள் பொதுப் பிரிவுக்குப் போன வருஷம் கேட்டதுதான்: அலுவலகப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை.

போன வருஷம் அந்தக் கோரிக்கையை மன்றத்தில் வாசித்ததும் பொறியாளர் சுந்தரராஜுலு எழுந்து, "நாலு பொம்பளைங்களுக்கு எதுக்குங்க தனியா ஒண்ணு? ரோட்டத் தாண்டுனா பஸ் ஸ்டேண்டு. நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்க" என்றார். சபையே சிரித்தது. தலைவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரித்தார். நான் மூலையில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பு அடங்கும்வரை தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதுபோல் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில் தண்ணீர் குடிக்காமல் அடக்கி அடக்கி, சிறுநீர்த் தொற்று வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சலில்கூட அந்த ஆளின் முகம்தான்.

ஜனவரி 21

மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நகர்மன்றக் கூட்டத்துக்குப் பொருள் பட்டியல், அதாவது அஜெண்டா, தயாரிப்பது என் வேலை. ஒன்பது வருஷமாகச் செய்கிறேன். எந்தப் பொருள் எந்த எண் என்று யாரும் கேட்டதில்லை. ஆணையர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

கூட்டம் பதினொரு மணிக்கு. பன்னிரண்டே காலுக்குப் போண்டாவும் டீயும் வரும். அதுவரை கவுன்சிலர்கள் கத்துவார்கள், மேஜையைத் தட்டுவார்கள். போண்டா வந்துவிட்டால் மிச்சமெல்லாம் 'ஆல் பாஸ்'. வாயில் போண்டாவோடு எவன் எதிர்ப்பான்?

இத்தனை வருஷமும் தேதிப்படிதான் அடுக்கினேன். இந்தத் தடவை ஜீப்பு பொருள் எண் 1. கழிப்பறை 22, கடைசி.

இது தப்பா? ஒரு விதியையும் மீறவில்லையே.

குல்சுமுக்கு இன்றும் வாந்தி. வரி வசூல் பிரிவில் இருக்கிற உம்மல் குல்சும்தான், மூன்று மாதம். ஒரு நாளைக்கு ஆறு தடவை ரோட்டைத் தாண்டுகிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்தது! நடந்தே போச்சு!

"பொருள் எண் ஒன்று" என்று வாசித்த உடனே ஒன்பதாவது வார்டு பாலுசாமி எழுந்துவிட்டார். "எங்க வார்டுல சாக்கடை பொங்கி ஊட்டுக்குள்ள வருதுங்க. இவருக்கு ஏசி ஜீப்பு வேணுமாமா? நடந்து வந்து பாக்கச் சொல்லுங்க, ஒடம்புக்கு நல்லது!" போன வருஷத்துச் சிரிப்பு அப்படியே திரும்பி அந்தாள் மேல் விழுந்தது. முக்கால் மணி நேரம் கிழித்தார்கள். ஜீப்பு ஒத்திவைப்பு.

பொருள் எண் 22 வரும்போது தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. கழிப்பறை பாஸ்.

சுந்தரராஜுலு என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாக்கு வாங்கி நான் ஒருத்தியே தின்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மன்றம் பணம் ஒதுக்கினால் போதாது. கட்ட வேண்டுமென்றால் மதிப்பீடு வேண்டும். மதிப்பீடு போடுவது யார்? பொறியாளர். இதை நான் யோசிக்கவே இல்லையே, மடச்சி.

ஒன்றரை மாதமாகக் கோப்பு அவர் மேஜையில். இன்று போய்க் கேட்டேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "எடத்தை நேர்ல பாக்கோணுமுங்க அம்மணி. பாக்கறதுக்கு வண்டி வேணுமுங்களே?"

அந்த இடம் ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால். அவர் நாற்காலியிலிருந்து இருபத்தெட்டு அடி. எண்ணிப் பார்த்தேன்.

ஏப்ரல் 11

மூன்றாவது நினைவூட்டல். பதில் இல்லை. அந்த மேஜையைக் கொளுத்தினால் என்ன?

ஏப்ரல் 28, திங்கள்

எப்படி எழுதுவது இதை.

பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வரவில்லை என்று கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். ஆறு மாத வயிற்றோடு போன குல்சும் போன வேகத்தில் திரும்பி வந்தாள். நேராகப் பொறியாளர் அறைக்குள் போனாள். எதிரே இரண்டு காண்ட்ராக்டர்கள்.

"ஏனுங்க சார், எல்லாருங் கொஞ்சம் வெளிய இருக்கறீங்களா? எனக்கு அவசரமுங்க."

அவர் அறைக்குள்ளேயே அவருக்கு மட்டும் ஒரு பாத்ரூம் உண்டு. உள்ளே போய்த் தாழ் போட்டாள். மூன்று பேரும் வராந்தாவில் நின்றார்கள், அந்தாள் கையில் ஒரு பேனாவோடு.

அவள் வந்ததும் நான் போனேன். அப்புறம் ஆபீஸின் மற்ற இரண்டு பெண்களும்.

அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் கேட்ட கோப்பை டைப் அடித்ததே நான்தான். இவ்வளவு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லையே! நான் ராத்திரி பகலாகத் திட்டம் போட்டேன். இவள் கதவைத் தள்ளினாள், அவ்வளவுதான். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

மே 2, வெள்ளி

மே தின லீவு போக நான்கு நாளாக அவர் அறை வாசலில் எங்கள் வரிசை. காண்ட்ராக்டர்கள் வருவதே நின்றுவிட்டது. இன்று மூன்று மணிக்கு மதிப்பீடு கையெழுத்தாகி என் மேஜைக்கு வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

அடுத்த கூட்டத்துக்குப் பட்டியல் போட்டேன். ஜீப்பு மறுபடி வந்திருக்கிறது. குல்சும் எட்டிப் பார்த்துவிட்டு, "உட்டுருங்கக்கா. இந்த வெயில்ல மனுசன் மொபெட்டுல அலையறாரு" என்றாள். அவள் சொன்னதைத் தட்ட முடியவில்லை. 19 என்று போட்டேன். போண்டாவுக்கு அப்புறம்.

ஜூலை 10, வியாழன்

திறப்பு. சுவரில் கல், கல்லில் தலைவர், ஆணையர், பொறியாளர் பெயர்கள். சுந்தரராஜுலு மைக்கை வாங்கினார்.

"பாவம், பொம்பளைங்க என் ரூமு வாசல்ல வந்து நின்னாங்க. பாக்கச் சகிக்கலீங்க. சரி, நம்மளால ஆன தர்மம்னு கட்டிக் குடுத்துப்போட்டேன்."

கைதட்டினார்கள். சிரித்தார்கள். குல்சும் நிறைமாத வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

நான் சீட்டுக்குத் திரும்பினேன். அரை மணி கழித்து அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் கழுவியிருந்தாள். புதுக் குழாய்.

"அக்கா, அந்த ஜீப்பை மறுபடி ஒண்ணாம் நம்பருல தூக்கிப் போட்டுருங்க."

"போட்டு அரை மணி நேரமாச்சு கண்ணு" என்றேன்.